ஆறு மணி உச்சியில் இருக்கும் கடிகாரம்

எதைத் தேடி இழுப்பறையைத் திறந்தேன் என்று இந்த நிமிஷம் வரை எனக்கு நினைவு வரவில்லை. கையில் கிடைத்தது நீ வரைந்த கடிகாரம்.

நம் தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் மருந்துச் சீட்டு எழுதுவோமே, அந்த மஞ்சள் தாளின் பின்பக்கம். பென்சிலில் ஒரு வட்டம், ஓரம் பிய்ந்த தோசை மாதிரி. பன்னிரண்டு இருக்க வேண்டிய உச்சியில் ஆறு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஏழு, எட்டு என்று வரிசையாக இறங்கி, அடியில் பன்னிரண்டு, பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறி ஐந்தில் முடிகிறது. ஓர் எண்கூட விடுபடவில்லை. கடிகாரம்தான் தலைகீழ். என்னடி இது கூத்து என்று கேட்டேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல், காலையில் ஆள் எண்ணுகிற அதே மண்டோர்க் குரலில் சொன்னாய்: "பெரட்டு ஆறு மணிக்குத்தானே லா. எனக்கு அதான் மொத மணி."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் அந்தத் தாளை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, இன்னொரு தாளை எடுத்து உன் முன்னால் வைத்து, மறுபடி போடு என்றேன். ஐந்து வருஷமாகிறது. நான் உனக்குச் செய்த காரியம் அதுதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

ஆமாம் மண்டோரம்மா, எனக்கும் மறதி வந்துவிட்டது. போன மாதம் பழைய ஸ்டோர்க்காரப் பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். அவர் வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டு இன்னொரு பொட்டலத்தை நீட்டினேன். இப்பத்தானே குடுத்தீங்க என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் போன பிறகு மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிவது, பாதிப் பேச்சில் ஒரு சொல் வராமல் கையை ஆட்டுவது, இதெல்லாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாத்திரைதான் பயமாக இருந்தது. மாத்திரையில் தப்பு நடந்தால் ஆள் போய்விடும்.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. நீ போன அடுத்த வருஷம் என் அம்மா படுத்தாள். பகலெல்லாம் தூங்குவாள், இருட்டினால் விழிப்பாள், மணிக்கு ஒருதரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டும் என்றுகூட இல்லை, நான் இருக்கிறேனா என்று பார்க்க. மூன்று வருஷமாக நான் ஒரே மூச்சில் தூங்கியதில்லை. அடுத்த மாதம் எனக்கு அறுபது. டாக்டர் சரி என்று எழுதினால் வேலையை இரண்டு வருஷம் நீட்டித்துத் தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருக்கிறார். வேலை இருக்கும் வரைதான் இந்த வீடு, அது உனக்கு நான் சொல்லவா வேண்டும்? படுத்த படுக்கையாக இருக்கிற கிழவியைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? நாளை மறுநாள், வியாழக்கிழமை, டவுன் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நீ உட்கார்ந்த அதே அறை, அதே மறதிப் பரீட்சை. அந்தத் தாளில் இருக்கும் கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் இந்தக் கடிகாரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். மணி இரண்டு. மருந்துக்கு ஒருவரும் வரவில்லை. வெளியே மூடுபனி இறங்கி எதிரில் இருக்கிற தொழிற்சாலைக் கூரைகூடத் தெரியவில்லை.

இந்தத் தோட்டத்தில் பொம்பளை மண்டோர் என்றால் நீதான் முதல். ஒரு கும்பல் ஆளை மேய்க்கிற வேலை உனக்குப் பிறவியிலேயே வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி அதட்டியவள்தானே. காலை ஆறு மணிக்கு ஆள் எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் பெரட்டில் மற்ற மண்டோர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். உன் புத்தகம் உன் கக்கத்தில் இருக்கும். நாற்பது பெயர்; நம் ஆட்கள், நேப்பாளத்துத் தம்பிகள், வங்காளத்துத் தம்பிகள், எல்லாரையும் மூச்சு விடாமல் கூப்பிடுவாய். புதிதாக வந்தவன் பெயர் மறுநாளே உன் நாக்கில் இருக்கும். எப்படிடி என்று கேட்டால், சின்ன வயதில் வேதக்கோயிலில் பைபிள் சங்கீதம் பாராமல் ஒப்பித்த நாக்கு இது, நாற்பது பேர் எம்மாத்திரம் என்பாய். உனக்குக் கொஞ்சம் திமிர்தான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

உன் வீட்டுக்காரர் காய்கறி லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்தபோது நமக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு உன் நாள் எப்படிப் போனது என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். நாலு மணிக்கு எழுந்து அவரைத் துடைத்துப் புரட்டி, கஞ்சி வைத்து, ஆறு மணிக்குப் பெரட்டு. மூன்று மணிக்கு மலையிலிருந்து இறங்கியதும் பக்கத்து ஊர் திரிங்காப்புக்கு வேன். அங்கே ஒரு கொட்டகையில் ஒன்பது மணி வரை முட்டைக்கோஸ் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாய். திரும்பி வந்து மறுபடி அவருக்குத் துடைப்பு, புரட்டல், சோறு. உனக்குச் சாப்பாடு என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியும் பிஸ்கட்டும். கோயில் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து ஊர்வம்பு பேசுவதை நிறுத்தினாய். ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாய், அது பையிலேயே கிடக்கும். ஆறு வருஷம் இப்படி.

கொஞ்சம் தூங்குடி என்று நான் சொல்லும்போதெல்லாம் உன்னிடம் ஒரே பதில் இருந்தது: "தூங்குறதுக்குத்தான் கல்லறை இருக்கே."

நான் திட்டுவேன். நீ சிரிப்பாய். திட்டியதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். ஒரு நாளாவது உன்னை உட்காரவைத்து, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், என்ன யோசித்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கிளினிக் வேலை பார்க்கிறவள் நான். கேட்கவில்லை.

முதலில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். பிறகு பெரட்டில் புத்தகம் கக்கத்திலிருந்து கைக்கு வந்தது. ஒருநாள் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வருஷமான நேப்பாளத்துக்காரன் ஒருவன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டு, ஏன்டா பதில் இல்லை என்று கோபப்பட்டாயாம். கும்பல் சிரித்ததாம். என் காதுக்கு வந்தபோது நானும் சிரித்துக்கொண்டு, வயசாகுதில்ல, அப்படித்தான் என்று சொன்னேன். ஐம்பத்து நாலு வயது, மண்டோரம்மா. அது என்ன வயசு?

அப்புறம் அந்தச் சிவப்புத் துணி.

வெளியார் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். பூச்சிமருந்து அடித்த மலையின் தலைப்பில், ரோட்டோரமாக, மண்டோர் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கும் வரை அந்த மலையில் ஒருவரும் கொழுந்து எடுக்கக் கூடாது. விட வேண்டிய நாட்கள் கழிந்ததும் கட்டிய மண்டோரே போய் அவிழ்க்க வேண்டும், வேறு கை படக் கூடாது. அதுதான் இங்கே வழக்கம், அதை நம்பித்தான் ஆட்கள் மலையில் இறங்குவார்கள். நீ அந்தத் துணியை வீட்டிலிருந்து கொண்டுவருவாய், உன் பழைய சேலைக் கிழிசல். பதினாலாம் நம்பர் மலையில் அவிழ்க்க வேண்டியதை நீ பதினேழாம் நம்பரில் அவிழ்த்தாய். முந்தின நாள்தான் அங்கே மருந்து அடித்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு உன் கும்பல் உள்ளே இறங்கியது. பத்து மணிக்கு நேப்பாளத்துத் தம்பிகள் இரண்டு பேர் கண் எரிந்து, வாந்தி எடுத்து என்னிடம் வந்தார்கள். கண்ணைக் கழுவி, ஜீப்பில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் தேறிவிட்டார்கள். அன்றைக்கு எடுத்த கொழுந்து முழுவதையும் பள்ளம் தோண்டிக் கொட்டினார்கள்.

பதினாலில்தான் அவிழ்த்தேன் என்று நீ துரை முன்னால் பைபிள் மேல் சத்தியம் செய்தாய். எல்லோரும் போய்ப் பார்த்தபோது பதினாலில் துணி ஆடிக்கொண்டிருந்தது. உன் சேலைத் துண்டு, பார்த்தாலே தெரிந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

துரை கெட்டவர் இல்லை. அவர் உன்னை விரட்டவில்லை. டாக்டரிடம் போய் மறதிக்குச் சோதனை செய்துகொண்டு வாங்க, சரி என்று எழுதினால் வேலையைப் பாருங்க, இல்லையென்றால் ஓய்வு எடுத்துக்குங்க என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஓய்வு என்றால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அன்று மத்தியானம் நீ கிளினிக்குக்கு வந்தாய். பெஞ்சில் உட்காராமல் நேராக மருந்தறைக்குள் வந்து கதவைச் சாத்தினாய். வயதான தோட்டத்து ஆட்களை டவுனுக்குக் கூட்டிப்போய், டாக்டர் மலாயில் கேட்பதைத் தமிழில் மாற்றிச் சொல்வது என் வேலை. அதனால் அந்தப் பரீட்சைத் தாளை எனக்குத் தெரியும், அது உனக்கும் தெரியும்.

"நான் பெயிலானா அவரத் தூக்கிக்கிட்டு எங்கடி போவேன்?" என்றாய். "என்னா கேப்பாங்கன்னு உனக்குத் தெரியும்லா. சொல்லிக் குடு."

நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு ராத்திரி புரண்டு படுத்துவிட்டுச் சம்மதித்திருந்தாலாவது மனது ஆறும். சரி, நாளையிலிருந்து வா என்று அந்த நிமிஷமே சொன்னேன். உனக்கு உதவ என்னிடம் ஒன்று இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாடம். இன்று என்ன கிழமை, என்ன மாதம், என்ன வருஷம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. கடிகாரம் போடு, மூன்றே முக்கால் காட்டு. கடிகாரம் நாலாம் நாள் நேராகிவிட்டது, ஆறு கீழே போய்ப் பன்னிரண்டு மேலே ஏறியது. ஐந்து வார்த்தைகள்தான் உன்னைப் படுத்தின. டாக்டர் ஐந்து வார்த்தை சொல்வார், வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, கடைசியில் அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பார். எப்போதும் அதே ஐந்துதான். குடை, ஆடு, தக்காளி, சாவி, கோயில். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் ஆட்டோடு நின்றுவிடுவாய். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போகும் பாதையில் அவற்றை நட்டுவைத்தேன். வாசலில் குடை. வளைவில் கட்டியிருக்கும் ஆடு. அதைத் தாண்டினால் சீன முதலாளி தவுக்கேயின் பிளாஸ்டிக் கூடாரத்தில் தக்காளி. ஸ்டோர் கதவில் சாவி. பெரட்டுக்குப் பக்கத்தில் நம் சின்னக் கோயில். கண்ணை மூடிக்கொண்டு வீட்டிலிருந்து நட, வழியில் இருப்பதைச் சொல் என்றேன். நீ கண்ணை மூடி நடந்தாய். ஐந்தும் வந்தது. எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாய்.

பரீட்சையன்று நான்தான் உன் பக்கத்தில் உட்கார்ந்து மொழி மாற்றிச் சொன்னேன். நீ எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாய். டாக்டர் நல்லவர், களைப்புதான் காரணம், ஓய்வு எடுங்கள், அழுத்த மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் பிரிஞ்சாங்கில் பாய் கடையில் இறங்கி மீ கோரெங் சாப்பிட்டோம். நீ தட்டை வழித்துச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, என்ன ஆர்டர் பண்ணலாம் என்று கேட்டாய். விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்து நீயும் சிரித்தாய். நீ என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரித்தாய் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், நீயும் நானும். காலையில் போன் போட்டு இன்று என்ன கிழமை என்று சொல்வேன். எந்த மலையில் துணி, எந்த மலையில் இல்லை என்று ஒரு தாளில் எழுதி உன் சட்டைப் பையில் வைப்பேன். நீ மண்டோராகவே இருந்தாய். திரிங்காப் கொட்டகைக்கும் போனாய். யாரிடமும் சொல்ல முடியாது, வேலையை விட முடியாது, படுத்துத் தூங்கவும் முடியாது. நாம்தான் பாஸ் ஆகிவிட்டோமே. பாஸ் ஆனவளுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

பரீட்சை முடிந்த பதினோராம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லாத நாள். விடிந்து பார்த்தால் வீட்டில் உன்னைக் காணோம் என்று உன் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே எனக்குப் போன் செய்தார். கோயில் வரை ஓடிப் பார்த்தேன், இல்லை. பிறகு ஏதோ தோன்றி ஆற்றோரம் இறங்கினேன். மண் சரிவதற்கு முன்னால், இருபது வருஷத்துக்கு முன்னால், பெரட்டு அங்கேதான் நடந்தது. கூரை போன கொட்டகையின் கீழே நீ நின்றுகொண்டிருந்தாய். புத்தகம் இல்லாமல், மூச்சு விடாமல், அந்தக் காலத்து நாற்பது பெயரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். பாதிப் பேர் செத்துப்போனவர்கள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டுப் போனவர்கள். அதில் ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

நான் உன் கையைப் பிடித்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். முதுகை நேராக்கிக்கொண்டாய்.

"குடை, ஆடு, தக்காளி, சாவி, கோயில்," என்றாய். "சரியாச் சொல்லிட்டேனா டாக்டர்? வீட்ட எடுத்துக்க மாட்டீங்கதானே?"

சரியாகத்தான் சொன்னாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அந்த ஈரத்தில் நின்று அழுதேன். பத்து நாள் கழித்துத் தலையில் ரத்தக் குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். உன் வீட்டுக்காரரை அவர் தம்பி கோலா தெர்லாவுக்குக் கூட்டிப்போனார், ஒரு மாதத்தில் வீடு காலி. இப்போது அங்கே வேறு குடும்பம் இருக்கிறது, வாசலில் அவர்கள் குடை விரிந்து கிடக்கிறது. நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது பதினொரு மாத வீடு. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ போன இரண்டாம் மாதம், தோட்டத்து கிளினிக் ஆட்களுக்கு ஈப்போவில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். பேசிய டாக்டர் நடு வயதில் வருகிற மறதியைப் பற்றிச் சொன்னார். தூங்காத வருஷங்கள், அடங்காத ரத்த அழுத்தம், சர்க்கரை, ஓயாத கவலை, பேச ஆளில்லாத தனிமை, இதெல்லாம் மூளையை அதன் வயதுக்கு முன்னாலேயே தேய்க்கும் என்றார். எல்லாருக்கும் இல்லை, ஆனால் சிலருக்குச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பாதியாவது திரும்பக் கிடைக்கும், அதனால் வயசாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அனுப்ப வேண்டியது எங்களிடம் என்றார். அந்தப் பரீட்சையில் தோற்றால்தான் காரணத்தைத் தேட ஆரம்பிப்போம் என்றும் சொன்னார். நான் கை தூக்கினேன். ஒருத்தர் பதிலை முன்னாடியே மனப்பாடம் செய்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அப்படி யாரும்மா செய்வாங்க?" என்றார். மண்டபமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு நமஸ்காரம் செய்யவும் கை வரவில்லை.

யாரோ மருந்துக்கு வருகிறார்கள். நிறுத்துகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. நேற்றுப் போய்வந்தேன். தாளை எடுத்துப் பார்த்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். போகிற வழியெல்லாம் சுற்றுலா வண்டிகள், பள்ளி விடுமுறையாம். வேன் நகரவில்லை. கண்ணாடி வழியாகத் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை ஓரத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள், என்ன அழகான ஊர், இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே என்கிற முகத்தோடு. நானும் நீயும் இங்கேயே இருந்தவர்கள்தானே. இந்த மலையை விட்டு இறங்க ஒரு வழி தெரிந்திருந்தால் நாம் இப்படி ஆகியிருப்போமா?

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி, முக்காடு போட்ட முகத்தில் சிரிப்பு. தாளைப் பார்த்தேன். அதேதான், நகல் எடுத்து எடுத்து எழுத்து மங்கிப்போயிருந்தது. ஐந்து வார்த்தையை மலாயில் சொன்னாள். நான் காதில் வாங்கவே இல்லை, வாங்க வேண்டிய அவசியம் என்ன? கிழமை கேட்டாள், சொன்னேன். கழித்தேன். கடிகாரம் போட்டேன், பன்னிரண்டு உச்சியில். கடைசியில் அந்த ஐந்தையும் கேட்டாள். நான் உன் வீட்டு வாசலில் இருந்து நடந்தேன். குடை, ஆடு, தக்காளி, சாவி, கோயில்.

"பண்டாய் லா ஆன்ட்டி," என்று கெட்டிக்காரியாக்கிப் பாராட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

வெளியே உட்காருங்கள், எழுதித் தருகிறேன் என்றாள். எழுந்து வந்திருக்கலாம். எழுந்தேன்கூட, கதவில் கை வைத்தேன். அம்மா, வீடு, இரண்டு வருஷம், எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தது. சரியாகச் சொல்லிட்டேனா டாக்டர் என்று நீ கேட்ட குரல் எனக்குப் பின்னால் இருந்தது. முன்னே போனாலும் பொய், பின்னே போனாலும் வீடு இல்லை. கதவைப் பிடித்தபடி எத்தனை நேரம் நின்றேனோ, ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரிந்த தாள், ஐந்து வருஷமாகத் தெரியும், வேறு வார்த்தை கொடுங்கள் என்று மலாயில் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்த்துவிட்டு, தாளில் இல்லாத ஐந்து வார்த்தைகளைச் சொன்னாள். நான் கவனமாகத் திருப்பிச் சொன்னேன். பிறகு என் அம்மாவைப் பற்றி, வேலையைப் பற்றிக் கேட்டாள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு வார்த்தைகளைக் கேட்டாள். மீன் வந்தது. பாலம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பாதையில் வைக்கலாம் என்று பார்த்தேன், பாதையெல்லாம் உன்னுடைய ஐந்தே நின்றுகொண்டிருந்தன. மற்ற மூன்றும் என்னவென்று அவளே சொல்லிக்காட்டினாள். ஆமாம் ஆமாம் என்றேன். இதை எழுதும்போது அவையும் இல்லை.

ஈப்போ பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தாள். ரத்தம் எடுப்பார்கள், தலையைப் படம் பிடிப்பார்கள், தூக்கத்துக்கு வழி பார்ப்பார்கள், சரியாகலாம், ஆகாமலும் போகலாம், ஆனால் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றாள். திங்கட்கிழமை துரையிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மண்டோரம்மா. தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் உன்னிடம் கதை விடப்போவதில்லை.

உன் கடிகாரத்தை மடித்து அந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு நாள் உன் பெயர் என்னை விட்டுப் போகலாம். என் பெயரும் போகலாம். அப்போதும் யாராவது அந்தப் பழைய தாளை எடுத்துக்கொண்டு வந்து கேட்டால், நான் முதுகை நேராக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவேன். நல்லாத்தான் இருக்காங்க என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் உறையின் மேல், எனக்கு இன்னும் எழுதத் தெரிகிறபோதே, தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன்: குடை, ஆடு, தக்காளி, சாவி, கோயில். இந்த ஐந்தும் இவளுக்கு மறக்காது. வேறு கேளுங்கள்.